வரப்பில் பூ எதற்கு?

போன குறுவை நெல்லுக்கு நாற்று பறிப்பதற்கு முந்தின நாள் நாற்றங்காலில் குனிந்து பார்த்தேன். இலை நுனிகளில், நெல் தண்டைக் குடையும் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல்கள் ஒட்டியிருந்தன, வெளிர் பழுப்பு நிறத்தில், மேலே மயிர் மூடி, சின்னப் பஞ்சுப் பொட்டு மாதிரி. வழக்கமாக நுனியைக் கிள்ளி எடுத்து நசுக்கிவிடுவோம். இந்தத் தடவை நசுக்காமல் பத்துப் பன்னிரண்டு நுனிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, வாயை நெருக்கமான வேட்டித் துணியால் கட்டி ஜன்னல் ஓரம் வைத்தேன். ஒரு பாட்டிலில் மட்டும் உள்பக்கச் சுவரில் தீக்குச்சி முனையால் தேனைத் தொட்டு இரண்டு கோடு இழுத்துவிட்டேன்.

ஒரு வாரத்துக்குள் சில குவியல்களிலிருந்து கருந்தலைப் புழுக்கள் நூல் விட்டுத் தொங்கின, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மற்ற குவியல்களிலிருந்து புழுவே வரவில்லை. அவற்றிலிருந்து கடுகில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத கரும்புள்ளிகள் வெளியே வந்து வெளிச்சம் வரும் பக்கமாக ஏறிப் போயின. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அத்தனையும் குளவிகள். இறக்கை, உணர்கொம்பு, கால் எல்லாம் உள்ள முழுக் குளவிகள்! குருத்துப்பூச்சி இட்ட முட்டைக்குள் இவற்றின் தாய் தன் முட்டையை வைத்திருக்கிறது. குளவிக் குஞ்சு உள்ளே இருந்ததைத் தின்று வளர்ந்து, புழு வர வேண்டிய இடத்தில் தான் வந்திருக்கிறது.

அடுத்த நாள் சாயங்காலம் தேன் இல்லாத பாட்டிலின் அடியில் பெரும்பாலான குளவிகள் செத்துக் கிடந்தன. தேன் தடவிய பாட்டிலில் அவை அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, தொட்டியில் மாடு தண்ணீர் குடிப்பது போலக் குடித்துக்கொண்டிருந்தன. பல நாள் உயிரோடு இருந்தன.

வரப்பில் பூச்செடி வைப்பது என்பதன் முழு விஷயமும் அந்த இரண்டு பாட்டிலுக்குள் இருக்கிறது. மீதியெல்லாம் எந்தச் செடி, எப்போது, எங்கே என்பதுதான்.

சரி, முதலிலிருந்து வருவோம். பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்கிற பூச்சிகளும் வயலிலேயே இருக்கின்றன. இவற்றை நன்மை செய்யும் பூச்சிகள் என்கிறோம். இவற்றில் இரண்டு வகை. பிடித்துத் தின்பவை இரைவிழுங்கிகள்: சிலந்தி, தட்டான், ஊசித்தட்டான், பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சு. இன்னொரு வகை ஒட்டுண்ணிகள், மேலே சொன்ன குளவி மாதிரி, பூச்சியின் முட்டைக்குள்ளேயோ புழுவின் உடம்புக்குள்ளேயோ தன் முட்டையை வைத்துவிடுபவை. வேளாண் அலுவலர்கள் கரும்புக்கும் நெல்லுக்கும் கட்டச் சொல்லும் டிரைக்கோகிரம்மா அட்டை இருக்கிறதே, அதில் ஒட்டியிருப்பதும் இப்படி ஒட்டுண்ணி ஏறிய முட்டைகள்தான். ஒரு சிசி, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் முட்டை ஒட்டிய அட்டையில் ஏறக்குறைய 20,000 முட்டைகள் இருக்கும், பொரிந்து வரும் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இங்கே இருக்கிறது. பூச்சியைத் தின்பது பெரும்பாலும் குஞ்சுதான். வளர்ந்த தாய்க் குளவி அந்தப் புழுவையோ முட்டையையோ பெரிதாகத் தின்பதில்லை, அதற்கு வேண்டியது தேன். சர்க்கரை உள்ளே போனால்தான் பறக்கத் தெம்பு, தேடத் தெம்பு. ஓரிரு நாளில் சாக வேண்டியது ஒரு வாரம் இருந்தால், அது தேடிக் கண்டுபிடிக்கும் முட்டைகளும் கூடும். சிர்ஃபிட் ஈ என்று ஒன்று உண்டு, தேனீ மாதிரி மஞ்சள் கறுப்புப் பட்டையோடு அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும். அதன் புழு, தளிரில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் அசுவினியை நூற்றுக்கணக்கில் தின்னும், ஆனால் தாய் ஈக்குத் தேனும் வேண்டும், மகரந்தமும் வேண்டும். மகரந்தம் கிடைக்காவிட்டால் அதற்கு முட்டையே சரியாக முதிராது. நம்மிடம் அதிகம் காணப்படும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் அப்படித்தான், குஞ்சாக இருக்கும்போது அசுவினி, மாவுப்பூச்சி என்று வேட்டையாடிவிட்டு வளர்ந்த பிறகு தேனையும் மகரந்தத்தையும் நம்பிப் பிழைக்கும். பொறிவண்டு பெரிதானாலும் அசுவினியைத்தான் தேடும், அது கிடைக்காத நாளில் மகரந்தம் தின்று காலம் தள்ளும்.

இப்போது நம் வயலை அந்தக் குளவியின் கண்ணால் பாருங்கள். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சேர்க்கை செய்துகொள்ளும் பயிர், அதன் பூவில் தேன் கிடையாது. வரப்பை மண்வெட்டியால் செதுக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறோம், அல்லது களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிட்டோம். நாலு ஏக்கர், பத்து ஏக்கர், கண்ணுக்கு எட்டிய வரை ஒரே பச்சை, ஒரு சொட்டுத் தேன் இல்லை. முட்டை அட்டை வாங்கிக் கட்டுகிறோம், குளவி பொரிந்து வருகிறது, மறுநாள் பசியில் விழுந்து செத்துப்போகிறது. அப்புறம் "அட்டை கட்டிப் பார்த்தேன், ஒன்றும் பிரயோசனம் இல்லை" என்று சொல்கிறோம். அட்டையில் குறை இருக்கலாம், வெயிலில் வைத்திருக்கலாம், எறும்பு தின்றிருக்கலாம். ஆனால் வயலில் சாப்பாடு இருக்கிறதா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் முதல் கேள்வியாகத் தோன்றுகிறது.

எந்தப் பூ?

எல்லாப் பூவும் ஆகாது. இந்தக் குளவிகளுக்குத் தேனீக்கு இருப்பது போல நீண்ட நாக்கு கிடையாது. நீளமான குழல் அடியில் தேன் வைத்திருக்கும் பூவில் இவை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பசியோடுதான் திரும்பும். திறந்த, ஆழமில்லாத, சின்னப் பூக்கள்தான் இவற்றுக்குத் தோது. அதற்கு நல்ல உதாரணம் கொத்தமல்லிப் பூ. வீட்டுத் தொட்டியில் நாலு கொத்தமல்லிச் செடியைப் பறிக்காமல் விட்டுப் பூக்கவிடுங்கள், காலை எட்டு மணி வாக்கில் குடை மாதிரி விரிந்திருக்கும் அந்த வெள்ளைப் பூங்கொத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சிர்ஃபிட் ஈ ஒன்று வந்து அந்தரத்தில் நிற்கும். அப்புறம்தான் தூசி என்று நினைத்தது நடப்பது தெரியும். சோம்பு, சதகுப்பை, கடுகு இவையும் இதே மாதிரிதான்.

சூரியகாந்தி வண்டுகளுக்கும் சிலந்திகளுக்கும் நல்ல இருப்பிடம். செண்டுமல்லியைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். மாலை கட்டுவதற்காக வளர்க்கும் இதழ் அடர்ந்த ரகங்களில் நடுவிலிருக்கும் தேன் சுரக்கும் சிறு பூக்களெல்லாம் பெரும்பாலும் இதழாகவே மாறியிருக்கும். பார்க்க அழகு, குளவிக்கு அதில் அதிகம் கிடைக்காது. தேனுக்காக வைப்பதாக இருந்தால் ஒற்றை அடுக்கு நாட்டுச் செண்டுமல்லிதான் பரவாயில்லை.

எனக்கு மிகப் பிடித்தது தட்டைப்பயறு, காராமணி என்றும் சொல்வோம். இதற்குப் பூ வரும் முன்பே ஒரு வசதி உண்டு. அது தேனைப் பூவுக்குள் மட்டும் சுரப்பதில்லை, பூக்காம்பின் மேலும் சுரக்கிறது. காய் விடும் காம்பின் நுனியை விரலால் பிடித்துப் பாருங்கள், சின்னச் சின்னக் குமிழ் மாதிரி மேடுகள் இருக்கும், காலையில் தொட்டால் பிசுபிசுக்கும், அநேகமாக நாலு எறும்பு அங்கே நிற்கும். எறும்பைப் பார்த்ததும் செடிக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயப்படுகிறோம். உண்மையில் செடி தன் காவலுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆமணக்கு இலைக்காம்பில் இருக்கும் பொட்டுகளும் அதே மாதிரிச் சுரப்பிகள்தான், பருத்தி இலையின் அடிப்பக்க நரம்பிலும் உண்டு. இங்கே குழலும் இல்லை, ஆழமும் இல்லை, எவ்வளவு குட்டை வாய் உள்ள குளவியும் நின்று குடிக்கலாம். பூ உதிர்ந்த பிறகும் கொஞ்ச நாள் சுரக்கும்.

தட்டைப்பயறில் கறுப்பு அசுவினி வரும். "வம்பை விலைக்கு வாங்குவானேன்?" என்றுதான் எங்கள் மாமாவும் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். அந்த அசுவினி நெல்லுக்கு வராது. தட்டைப்பயறில் அசுவினி இருந்தால் பொறிவண்டு வந்து அங்கேயே முட்டை வைத்துப் பெருகும், பெருகியது வரப்பிலேயே நிற்காது, வயலுக்குள்ளும் இறங்கித் தத்துப்பூச்சிக் குஞ்சுகளைப் பிடிக்கும். மாமா இரண்டு வாரம் கழித்து அவராகவே வரப்பில் குந்திப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, அந்தச் செவப்பு வண்டு நெல்லுலயும் இருக்குடா" என்றார். ஆனால் இதே தட்டைப்பயறை நிலக்கடலைக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தால் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அதே கறுப்பு அசுவினி கடலையையும் தாக்கும். எந்தச் செடி நல்லது என்பதற்கு விடை, பக்கத்தில் என்ன பயிர் என்பதைப் பொறுத்தது. இதை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் கஷ்டம்.

நெல்லில் இது எப்படி வேலை செய்கிறது

நெல்லை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நெல்லில் இந்த முறை நன்றாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வட்ட வட்டமாகத் தீப்பிடித்துப் புகைந்தது போலப் பயிர் காய்ந்து கிடக்கும், பெயரே அதனால் வந்ததுதான். தூரின் அடியில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அதன் தாய் முட்டையை வெளியே இடுவதில்லை, இலை உறையின் திசுவைக் கீறி உள்ளே செருகிவிடும். மருந்து அடித்தால் வெளியே இருக்கும் பூச்சி சாகும், உள்ளே இருக்கும் முட்டைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம், பத்து நாளில் அது பொரிந்து வரும்போது சிலந்தியும் இல்லை, வண்டும் இல்லை, எல்லாம் மருந்தில் போய்விட்டன. அடிக்க அடிக்கப் புகையான் கூடுகிறதே என்று விவசாயிகள் சொல்வது கற்பனை இல்லை, காரணம் இதுதான்.

அந்த உறைக்குள் இருக்கும் முட்டையை அடையத் தெரிந்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒன்று அனாக்ரஸ் என்ற மிகச் சிறிய குளவி, அது உறைக்கு வெளியே நின்றபடியே தன் முட்டையிடும் ஊசியைச் செருகிப் புகையான் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். இன்னொன்று பச்சை மிரிட் பூச்சி, அது ஊசி வாயைச் செருகி முட்டையை உறிஞ்சிவிடும். இரண்டும் தேனுக்கு ஏங்குபவை. சீனாவில் ஆய்வாளர்கள் பல பூக்களை இவற்றுக்குக் கொடுத்துப் பார்த்ததில் எள்ளுப் பூ மிக நன்றாக ஒத்துவந்தது. நாம் காலங்காலமாக விதைக்கும் அதே எள்தான்.

சீனா, வியட்நாம், தாய்லாந்து மூன்று நாடுகளிலும் நான்கு ஆண்டுகள் விவசாயிகளின் வயல்களிலேயே வரப்பில் தேன் தரும் செடிகளை வைத்துப் பார்த்து, முடிவை 2016-ல் நேச்சர் பிளான்ட்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பூ வைத்த வயல்களில் பூச்சிமருந்து அடிப்பது 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது, வருமானத்தில் 7.5 சதவீதம் லாபம். 5 சதவீத விளைச்சல் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் மருந்துச் செலவு அத்தனை குறைந்தும் விளைச்சல் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறவே செய்தது என்பதுதான் அதில் உள்ள சேதி. "மருந்து அடிக்காவிட்டால் விளைச்சல் போய்விடும்" என்ற பயத்தில்தானே நாம் அடிக்கிறோம்.

இதற்கு முன்பே பாடம் படித்த நாடு இந்தோனேசியா. 1986-ல் புகையான் தாங்க முடியாமல் போனபோது அந்நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990-களில் "விதைத்த முதல் 40 நாள் மருந்தடிக்காதீர்கள்" என்று பெரிய பிரசாரமே நடந்தது. ஆரம்பத்தில் இலைச்சுருட்டுப்புழு சில இலைகளைத் தின்றாலும் நெல் தூர் கட்டி அதைச் சமாளித்துக்கொள்ளும், ஆனால் அந்த நேரத்தில் அடிக்கும் மருந்து சிலந்தியையும் குளவியையும் அழித்து, பின்னால் புகையானுக்கு வழி விட்டுவிடும். வரப்பில் பூ வைப்பது இதற்குப் பிறகு வந்த அடுத்த படி. முதல் படியை எடுக்காமல் இரண்டாவதில் கால் வைக்க முடியாது. அதாவது வரப்பில் பூவும் இருக்கட்டும், வழக்கம்போல இருபதாம் நாள் மருந்தும் இருக்கட்டும் என்றால், குளவியைச் சாப்பிட அழைத்து விஷம் வைத்த கதையாகிவிடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. புகையான் ஒரு தூர்க்கிளைக்கு ஒன்று என்ற அளவு வந்தால் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் குத்துக்கு, அதாவது ஒரு நெல் தூருக்கு, ஒரு சிலந்தி இருந்தால் கிளைக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தி நம் பொறுமையை இரண்டு மடங்கு ஆக்குகிறது. ஆகவே வயலுக்குப் போனால் பூச்சியை மட்டும் எண்ணாமல் சிலந்தியையும் எண்ணிவிட்டு வாருங்கள்.

நாள் கணக்கு

பலர் தவறுவது இங்கேதான். நடவு முடிந்து பயிர் பச்சை கட்டிய பிறகு, "சரி, வரப்பில் ஏதாவது போடலாம்" என்று தட்டைப்பயறு ஊன்றினால் அது பூக்க 40, 45 நாளாகும். அதற்குள் பூச்சியும் வந்து, மருந்தும் அடித்து முடித்திருப்போம். நாற்றங்கால் விதைக்கும் அன்றே வரப்பிலும் விதைத்துவிட வேண்டும். 25 நாளில் நடவு என்றால், நட்ட பதினைந்து இருபது நாளில் தட்டைப்பயறும் எள்ளும் பூக்க ஆரம்பித்திருக்கும். குளவிக்குத் தேன் தேவைப்படும் நேரமும் அதுதான். சூரியகாந்திக்கு இன்னும் பத்து நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாமல் பாதியை இரண்டு வாரம் கழித்துப் போட்டால் ஒன்று ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்.

பட்டமும் முக்கியம். எள் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். குறுவையில் வரப்பு எள் நன்றாக வரும், சம்பாவில் ஐப்பசி கார்த்திகை மழையில் காவிரி டெல்டா வரப்பில் எள்ளை நம்ப முடியாது. அதற்குக் கொஞ்சம் உயர்த்திப் போட்ட வரப்பில் தட்டைப்பயறும் உளுந்தும்தான் சரி. வரப்பு உளுந்தை வேளாண் துறையே ஊக்குவிக்கிறது, நம் பக்கத்து வயதானவர்களுக்கு அது புதிதும் இல்லை. முன்பெல்லாம் வரப்பில் துவரை நிற்கும், ஆமணக்கு நிற்கும், வாய்க்கால் ஓரம் அகத்தி நிற்கும். அவர்கள் குளவியை நினைத்து வைத்தார்களா என்பது வேறு, வீட்டுக்குப் பருப்பும் விளக்குக்கு எண்ணெயும் வேண்டும் என்று வைத்திருக்கலாம், ஆனால் குளவிக்கும் சேர்த்துச் சாப்பாடு இருந்தது. வரப்பை ஒடுக்கி ஒடுக்கி ஆள் நடக்கவே இடமில்லாமல் ஆக்கிய பிறகு அதெல்லாம் போய்விட்டது.

வரப்பில் விதைக்கும் விதைக்குப் பூச்சிமருந்து நேர்த்தி செய்யாதீர்கள். இமிடாகுளோபிரிட், தயமீதாக்சம் மாதிரி ஊடுருவிப் பாயும் மருந்துகள் செடியின் சாற்றோடு தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். டிரைக்கோடெர்மா, ரைசோபியம் மாதிரி நன்மை செய்யும் நுண்ணுயிர்களால் நேர்த்தி செய்வதில் தவறில்லை.

வரப்பு முழுக்கப் பூவாக்க வேண்டுமா என்றால், வேண்டாம். நடக்கவும் இடம் வேண்டும், தண்ணீர் பார்க்கவும் வேண்டும். நடக்கும் வரப்பை விட்டுவிட்டு நடுவில் ஒன்றிரண்டு வரப்பில் வையுங்கள். ஓரத்தில் மட்டும் வைத்தால் பெரிய வயலின் நடுவுக்கு இந்தச் சின்னக் குளவிகள் அவ்வளவு எளிதாகப் போய்ச் சேராது, அவை பறக்கும் தூரம் குறைவு.

எங்கே கவனமாக இருக்க வேண்டும்

பூ வைத்தால் நல்லது மட்டும்தான் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேனைக் குடிக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு, அதே அந்துப்பூச்சிகள்தான் நம் பயிரில் முட்டை வைப்பவை. சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பச்சைக் காய்ப்புழுவின் தாயை இழுக்கும். தக்காளியில் இதையே வசதியாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தக்காளி 16 வரிசைக்குச் செண்டுமல்லி ஒரு வரிசை என்று பரிந்துரைத்தது, தக்காளி பூக்கும் நேரத்தில் அதுவும் பூக்கும்படி முன்கூட்டியே நாற்று விட்டு நட வேண்டும். காய்ப்புழுவின் தாய் செண்டுமல்லிக்குப் போய் முட்டை வைக்கும், தக்காளி தப்பும். இது பொறிப்பயிர், வேலையே வேறு. தேன் தரும் செடி நண்பனுக்குச் சோறு போடுகிறது, பொறிப்பயிர் எதிரியைத் திசை திருப்புகிறது. பொறிப்பயிரை வைத்துவிட்டு அதில் சேர்ந்த புழுவைக் கவனிக்காமல் விட்டால் அதுவே புழுப்பண்ணையாகிவிடும். பல இடங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

மிளகாய்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இலைப்பேன் பூவுக்குள் குடியிருக்கும் பூச்சி, செண்டுமல்லி, சாமந்தி இரண்டிலும் நன்றாகவே பெருகும். பருத்தி ஓரத்தில் வெண்டை வைத்தால் இரண்டுக்கும் பொதுவான வெள்ளை ஈயும் தத்துப்பூச்சியும் வரும், தெரிந்து வைத்தால் சரி, தெரியாமல் வைத்தால் நஷ்டம். பார்த்தீனியமும் பூக்கிறதே, விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. மாவுப்பூச்சி அதில் தங்கும், கடலையையும் சூரியகாந்தியையும் தாக்கும் ஒரு நச்சுயிரி அதன் மகரந்தத்தோடு இலைப்பேன் மூலம் பரவும். வரப்பில் தானாக வரும் தும்பையையும், வெட்டுக்காயப் பூண்டு என்று சொல்லும் அந்தச் சின்ன மஞ்சள் வெள்ளைப் பூவையும் செதுக்காமல் விட்டால் போதும், செலவே இல்லை.

இன்னொன்று, இது மருந்து மாதிரி இல்லை. இன்று வைத்தால் நாளை பூச்சி விழாது. முதல் பட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாமலும் போகலாம், பக்கத்து வயல்காரர் காற்று வீசும்போது மருந்தடித்தால் அதுவும் நம் வரப்புக்கு வரும். நாலைந்து வயல்காரர்கள் சேர்ந்து செய்தால்தான் நன்றாக எடுபடும். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூடுகட்டும் புழுவுக்கு எதிராகச் சாலை ஓரம் முழுக்கத் தேன் தரும் பூச்செடிகளை வரிசையாக வைத்திருப்பார்கள், கொடிரோசும் அதில் ஒன்று. தோட்டம் பெரியது, நிர்வாகம் ஒன்று, அதனால் முடிகிறது. நமக்கு அண்டை வயல்காரரோடு பேச வேண்டியிருக்கிறது.

மாடித்தோட்டக்காரர்களுக்கும் இதே விஷயம்தான், அளவு மட்டும் சின்னது. கொத்தமல்லி, சோம்பு, கடுகு, துளசி இவற்றில் இரண்டு மூன்று தொட்டியைப் பூக்கவிடுங்கள். ஆனால் அதைவிட முக்கியம், நண்பனை எதிரி என்று நினைத்து நசுக்காமல் இருப்பது. அசுவினி மொய்த்த தளிரில் கால் இல்லாத, வெளிர்பச்சையான, ஒரு பக்கம் கூராக ஒரு புழு ஊர்ந்தால் அது சிர்ஃபிட் ஈயின் குஞ்சு, விட்டுவிடுங்கள். கறுப்பில் ஆரஞ்சுப் பொட்டோடு குட்டி முதலை மாதிரி ஓடுவது பொறிவண்டின் குஞ்சு. தலைமுடி மாதிரி மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் வெள்ளைப் பொட்டு கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பாக, காய்ந்த மணி போல ஒட்டிக்கிடந்தால் அவற்றுக்குள் குளவி வளர்கிறது. முதுகில் வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியே போய்விட்டது. புழுவின் உடம்பிலோ அதன் பக்கத்திலோ அரிசி மாதிரி வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அவை புழுவின் முட்டை இல்லை. புழு எங்காவது முட்டை இடுமா? அவை புழுவைத் தின்று முடித்து வெளியே வந்த குளவிக் குஞ்சுகளின் கூடு. நானே எத்தனையோ தடவை அவற்றை நசுக்கியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்த வருடம் குறுவைக்கு நாற்றங்கால் விதைத்த அன்றே நடு வரப்பு இரண்டிலும் தட்டைப்பயறும் எள்ளும் கலந்து போட்டிருக்கிறேன், மேட்டு மூலையில் ஒரு பிடி கொத்தமல்லி. அறுவடையின்போது வரப்புச் செடியையும் சேர்த்து அறுத்துவிட வேண்டாம் என்று அறுவடை இயந்திரக்காரரிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது. நெல் போன பிறகு குளவிக்கும் வண்டுக்கும் ஒதுங்க இருக்கும் இடம் அந்த இரண்டு வரப்புதான், அடுத்த நடவு வரை அவை அங்கேதான் காத்திருக்கும்.